சிறைக்குள்ளிருந்து வந்த மடல்கள்

கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் தவக்காலத்திலும் நம் பங்குகளிலிருந்து சிலர் சிறைச்சாலைக்குச் சென்று வருவதுண்டு. சோப்பு, துண்டு, கேக், செபப் புத்தகம் ஆகியவற்றைக் கொடுத்து, இரண்டு பாடல்கள் பாடி, செபித்துவிட்டுத் திரும்புகிறோம். இது நற்செயல் என்பதில் ஐயமில்லை. சிறையிலிருந்தவரைத் தேடிச் சென்றதைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்பது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் தரும் உறுதி. ஆயினும் அந்தச் சந்திப்பில் கொடுப்பவர் எப்போதும் நாமாகவும், பெறுபவர் எப்போதும் கைதியாகவும் இருக்கிறோம். அவரிடமிருந்து நாம் எதையேனும் பெற்றுக்கொண்டோமா என்னும் கேள்வி நம் உள்ளத்தில் எழுவதே இல்லை.

சிறை ஒருவரிடமிருந்து பறித்துக்கொள்பவை பல. நடமாடும் உரிமை போகிறது, குடும்பம் விலகுகிறது, தொழில் அழிகிறது, பெயர் இருந்த இடத்தில் ஓர் எண் வந்து அமர்கிறது. இவற்றோடு சேர்ந்து பிறருக்குக் கொடுக்கும் வாய்ப்பும் அவரை விட்டுப் போய்விடுகிறது. உணவு அவருக்குக் கொடுக்கப்படுகிறது, உடை கொடுக்கப்படுகிறது, கட்டளைகளும் தண்டனையும் கொடுக்கப்படுகின்றன. தம் மகளின் திருமணத்துக்கு ஒரு நல்வார்த்தைகூட அவரால் கொடுக்க இயலுவதில்லை. பெறுவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத நிலை மனிதரை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது.

வரலாற்றைப் பார்க்கும்போது, தாளும் மையும் கிடைத்த கைதிகள் பலர் இந்த வாய்ப்பை எழுத்தின் வழியாக மீட்டுக்கொண்டதைக் காண்கிறோம். ஆறுதலை, அறிவுரையை, நகைச்சுவையை, கவிதையை, செபத்தை அவர்கள் மதிலுக்கு வெளியே அனுப்பி வைத்தார்கள். அவற்றைச் சுமந்து செல்லவும், பெற்றுக்கொள்ளவும், காத்து வைக்கவும் வெளியே சிலர் இருந்தார்கள். அந்தச் சிலர் இல்லாவிடில் ஒரு வரியும் நம்மை வந்தடைந்திராது. இவ்விரு சாராரையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கிலியோடு எழுதிய திருத்தூதர்

எபேசியர், பிலிப்பியர், கொலோசையர், பிலமோன் ஆகியோருக்கு எழுதப்பட்ட நான்கு திருமுகங்களைச் சிறைக்கூட மடல்கள் என வழங்குவது திருச்சபையின் மரபு. அவை எங்கிருந்து எழுதப்பட்டன என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றுள் பிலிப்பியர் திருமுகம் எழுந்த சூழல் நம் கவனத்துக்குரியது. சிறைப்பட்டிருந்த பவுலுக்குப் பிலிப்பி நகர்ச் சபையார் எப்பப்பிராதித்து என்பவர் வழியாக உதவி அனுப்பினார்கள். வந்த இடத்தில் அவர் நோயுற்றுச் சாகும் நிலைக்கு ஆளானார். உடல் நலம் பெற்றதும் பவுல் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்.

அக்காலத்துக் கைதிகள் தங்கள் உணவுக்கும் உடைக்கும் பெரும்பாலும் உறவினரையும் நண்பரையுமே நம்பியிருந்தார்கள். அந்நிலையிலிருந்த ஒருவர், தமக்கு உதவி அனுப்பியவர்களுக்கு நன்றி கூறியதோடு நிற்கவில்லை. அவர்களது பிணக்குகளைத் தீர்த்து வைக்கிறார். மகிழ்ச்சியோடிருக்கும்படி மீண்டும் மீண்டும் சொல்கிறார். சங்கிலியில் இருப்பவர் சுதந்திரமாக இருப்பவர்களைத் தேற்றுகிறார். பிலமோனுக்கு எழுதிய சிறுமடலிலோ, தம் எசமானரை விட்டுப் பிரிந்து வந்த ஒனேசிம் என்னும் அடிமையைச் சிறையிலே தமக்குப் பிறந்த மகன் என்றே குறிப்பிட்டு, அவனுக்காகப் பரிந்து பேசுகிறார். சிறை அவரைத் தந்தையாகவும் ஆக்கியிருந்தது.

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தில் மற்றொரு செய்தி உண்டு. துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டு வந்த போர்வையையும் நூல்களையும், குறிப்பாகத் தோல் சுருள்களையும் எடுத்து வருமாறு கைதி கேட்கிறார். குளிருக்கு ஒரு போர்வை, அதனோடு நூல்கள். உடலுக்கு வேண்டியதும் உள்ளத்துக்கு வேண்டியதும் ஒரே வேண்டுகோளில் அருகருகே நிற்கின்றன. சிறைவாசிகளுக்கு எதைக் கொண்டு செல்வது என்று எண்ணும் நமக்கு இதில் பாடம் உண்டு.

கரித்துண்டும் மகளும்

பவுலுக்குப் பின் பதினைந்து நூற்றாண்டுகள் கடந்து இலண்டன் கோபுரச் சிறைக்கு வருவோம். இங்கிலாந்தின் முன்னாள் தலைமை அமைச்சரான புனித தாமஸ் மூர், மன்னர் எட்டாம் ஹென்றியின் வாரிசுரிமைச் சட்டம் கோரிய உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் 1534 ஏப்ரலில் அங்கே அடைக்கப்பட்டார். அவருடைய மூத்த மகள் மார்கரெட் ரோப்பர் கல்வியில் சிறந்தவர். தந்தைக்கும் மகளுக்கும் இடையே நடந்த மடல் போக்குவரத்து, சிறை இலக்கியத்தில் தனியிடம் பெற்றது.

அம்மடல்கள் வெறும் பாசப் பரிமாற்றம் அல்ல. மார்கரெட் அந்த உறுதிமொழியை ஒரு நிபந்தனையோடு எடுத்தவர். தந்தையும் எடுத்து வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று விரும்பியவர். ஆகவே தமக்கு மிகவும் அருமையானவரோடே மூர் வாதாட வேண்டியிருந்தது. மகளின் மனம் புண்படாமலும், தம் மனச்சான்றை விட்டுக்கொடுக்காமலும், உறுதிமொழி எடுத்தவர்களைப் பழிக்காமலும் எழுதுவது எளிதன்று. எழுத எழுதத் தம் நிலைப்பாடு அவருக்கே தெளிவாயிற்று என்று கருத இடமுண்டு. பேனாவும் மையும் இல்லாத வேளைகளில் அவர் கரித்துண்டால் எழுதினார். 1535 சூலை 6ஆம் நாள் அவரது தலை வெட்டப்பட்டது. அதற்கு முந்திய நாள் மார்கரெட்டுக்கு எழுதிய இறுதி மடலும் கரியால் எழுதப்பட்டதே. தீர்ப்புக்குப் பின் காவலர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தம்மை மகள் முத்தமிட்டதை அதில் அவர் நினைவுகூர்ந்து மெச்சுகிறார்.

மடல்களோடு நூல்களும் அச்சிறையில் பிறந்தன. துன்ப வேளையில் ஆறுதல் பற்றிய உரையாடல் ஒன்றை அவர் கற்பனைப் பாத்திரங்களைக் கொண்டு எழுதினார். துருக்கியர் படையெடுப்புக்கு அஞ்சும் ஹங்கேரி நாட்டில், ஒரு முதியவரும் அவருடைய மருமகனும் பேசிக்கொள்வதாக அது அமைந்துள்ளது. தம் குடும்பத்தின் அச்சத்தை வேறொரு நாட்டின் கதையாக மாற்றி, அவர்களுக்கே ஆறுதலாக அளித்தார். கிறிஸ்துவின் வேதனை பற்றிய இலத்தீன் நூல், ஆண்டவர்மேல் காவலர் கைவைக்கும் கட்டத்தோடு நின்றுபோயிற்று. அவர் தம் கையால் எழுதிய அந்நூலின் மூலப்படி ஸ்பெயினின் வலென்சியா நகரில் 1963இல் அடையாளம் காணப்பட்டது.

ஆழத்திலிருந்து

மூரும் பவுலும் புனிதர்கள். மனச்சான்றின் பொருட்டுச் சிறைப்பட்டவர்கள். பழிக்கும் வெறுப்புக்கும் ஆளாகிச் சிறை சென்றவர்களுக்கு எழுத்து என்ன செய்யும் என்னும் கேள்வி எழலாம். ஆங்கில எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் வரலாறு இதற்கு ஒருவாறு விடை தருகிறது.

புகழின் உச்சியிலிருந்த வைல்டு, அக்கால ஆங்கிலச் சட்டத்தின்படி குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 1895 மே மாதம் ஈராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சிறை விதிகளின்படி மடல் எழுதுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1896இல் ரெடிங் சிறைக்குப் புதிய அதிகாரியாக வந்த மேஜர் நெல்சன் இரக்கமுள்ளவர். அவர் தந்த தாளிலும் மையிலும் 1897இன் தொடக்க மாதங்களில் வைல்டு நீண்டதொரு மடல் எழுதினார். தம் வீழ்ச்சிக்குக் காரணமான நண்பருக்கு எழுதிய அம்மடல் கசப்பான குற்றச்சாட்டுகளோடு தொடங்குகிறது. போகப் போக எழுத்தின் போக்கு மாறுகிறது. தம் தவறுகளுக்குத் தாமே பொறுப்பேற்கும் இடங்கள் வருகின்றன. துன்பத்தின் பொருள் ஆராயப்படுகிறது. நற்செய்திகளில் காணும் கிறிஸ்துவைப் பற்றிய நெடிய சிந்தனை விரிகிறது. கசப்பு முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்ல இயலாது. ஆயினும் எழுதத் தொடங்கிய மனிதரும் எழுதி முடித்த மனிதரும் ஒருவரே அல்லர்.

அம்மடலை அஞ்சலில் சேர்க்க அனுமதி கிடைக்கவில்லை. விடுதலை நாளில்தான் அது அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் மறைந்தபின், 1905இல் அவருடைய நண்பர் ராபர்ட் ரோஸ் அதன் ஒரு பகுதியை அச்சிட்டபோது, ஆழத்திலிருந்து இறைவனை நோக்கிக் கூக்குரலிடும் 130ஆம் திருப்பாடலின் இலத்தீன் முதற்சொற்களையே அதற்குத் தலைப்பாக்கினார்.

1897 மே 19 அன்று விடுதலை பெற்ற வைல்டு, ஒன்பது நாள்களுக்குள் இலண்டன் நாளேடு ஒன்றில் ஒரு நீண்ட மடலை வெளியிட்டார். சிறையில் பசியால் வாடிய சிறு பையனுக்கு பிஸ்கட்டுகள் கொடுத்ததற்காக வேலை நீக்கம் செய்யப்பட்ட காவலர் ஒருவருக்காகவும், சிறைப்பட்ட குழந்தைகளுக்காகவும் அதில் அவர் வாதிட்டார். தம் துயரைப் பற்றி எழுதப் பழகிய கை, பிறர் துயரைப் பற்றி எழுதத் தொடங்கியது. 1900 நவம்பரில், பாரிசு நகரில், மரணப் படுக்கையில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

சலவைத் துணிகளுக்குள் மறையுரைகள்

இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் பெர்லின் நகரின் டேகல் சிறை இருவரை நமக்குத் தந்தது. ஒருவர் லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபர். மற்றவர் இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப். இருவரும் நாசி ஆட்சியை எதிர்த்தவர்கள், இருவரும் தூக்கிலிடப்பட்டவர்கள்.

1943 ஏப்ரல் 5இல் கைதான பொன்ஹோபருக்குப் பத்து நாள்களுக்கு ஒரு முறை ஒரு தாள் அளவு பெற்றோருக்கு எழுத அனுமதி கிடைத்தது. அதையும் அதிகாரிகள் படித்த பின்பே அனுப்புவார்கள். அதே ஆண்டு நவம்பர் முதல், நட்புக் கொண்ட காவலர்கள் வழியாகத் தம் நண்பர் எபர்ஹார்டு பெத்கேக்கு மறைமுகமாக எழுதலானார். மடல்களோடு கவிதை எழுதினார். நாடகமும் நாவலும் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்டார். 1944 அக்டோபரில் இரகசியக் காவல்துறையின் நிலவறைக்கு மாற்றப்பட்ட பின், அந்த ஆண்டின் கிறிஸ்து பிறப்புக்குத் தம் தாய்க்கும் தமக்கு மண உறுதி செய்யப்பட்ட பெண்ணுக்கும் ஒரு கவிதையை வாழ்த்தாக அனுப்பினார். வேறு பரிசு எதுவும் அனுப்ப அவரிடம் இல்லை. அக்கவிதை இன்று இசையமைக்கப்பட்டு, ஜெர்மனியில் லூத்தரன் ஆலயங்களிலும் கத்தோலிக்க ஆலயங்களிலும் பாடப்படுகிறது. 1945 ஏப்ரல் 9இல் அவர் கொல்லப்பட்டார். பெத்கே காத்து வைத்திருந்த மடல்கள் 1951இல் நூலாயின.

மியூனிக் நகரின் புனித ஜார்ஜ் ஆலயத்தில் பணியாற்றிய தந்தை டெல்ப், 1944 சூலை 28இல் கைதாகி, செப்டம்பர் இறுதியில் டேகல் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் கைகளில் விலங்கு பூட்டப்பட்டிருந்தது. கைதிகளின் துணிகளைத் துவைத்துக் கொண்டுவர வெளியாருக்கு அனுமதி இருந்தது. மரியான்னே ஹாப்பிக், மரியான்னே பூண்டர் என்னும் பொதுநிலைப் பெண்கள் இருவர் அப்பணியை மேற்கொண்டார்கள். உள்ளே செல்லும் தூய துணிகளோடு தாளும், திருப்பலிக்கு வேண்டிய அப்பமும் இரசமும் சென்றன. வெளியே வரும் அழுக்குத் துணிகளுக்குள் விலங்கிட்ட கைகள் எழுதிய சிறு தாள்கள் வந்தன. அவற்றில் நண்பர்களுக்கான மடல்கள் இருந்தன. திருவருகைக் காலத்துக்கும் கிறிஸ்து பிறப்புக்குமான தியானங்கள் இருந்தன. பிரசங்க மேடை பறிக்கப்பட்ட குரு, அழுக்குத் துணி மூட்டையைத் தம் மேடையாக்கிக்கொண்டார்.

1945 சனவரி 11இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அம்மாதமே நண்பர் வீட்டில் பிறந்து தம் பெயர் சூட்டப்பட்ட குழந்தைக்கு ஞானத்தந்தையாக ஒரு மடல் எழுதினார். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு, அது வாசிக்கும் நாளைக் காணப்போகாத ஒருவர் எழுதியது அது. பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று, அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் வயல்களில் எறியப்பட்டது. கல்லறை இல்லாத அவருக்கு அந்தத் தாள்களே நினைவிடம். துணி துவைத்த பெண்கள் இருவரும் பிடிபட்டிருந்தால் அவர்களுக்கும் சிறை காத்திருந்தது என்பதை மறக்கலாகாது.

பழைய நாள்காட்டியின் பின்புறம்

நம் ஆசியக் கண்டத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. வியட்நாம் நாட்டின் பிரான்சிஸ் சேவியர் நுயன் வான் துவான், 1975 ஏப்ரலில் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் இணை ஆயராக நியமிக்கப்பட்டவர். அதே ஆண்டு அன்னை மரியாவின் விண்ணேற்பு விழாவாகிய ஆகஸ்டு 15 அன்று அவர் கைது செய்யப்பட்டார். தம் மக்களுக்கு மேய்ப்பர் மிகவும் தேவைப்படும் வேளையில் தாம் பயனற்றுப் போனோமே என்னும் எண்ணம் தம்மை வாட்டியதாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். பவுல் சிறையிலிருந்து சபைகளுக்கு எழுதியது ஓர் இரவில் அவர் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை, அவ்வழியே சென்ற ஏழு வயதுச் சிறுவனை அழைத்து, பழைய நாள்காட்டித் தாள்களை வாங்கித் தருமாறு தாயிடம் சொல்லச் சொன்னார். அக்டோபர், நவம்பர் மாத இரவுகளில் அத்தாள்களின் பின்புறத்தில் சிறு சிறு சிந்தனைகளை எழுதினார். சிறுவன் அவற்றை வீட்டுக்குக் கொண்டு செல்ல, அவனுடைய உடன்பிறந்தோர் படியெடுத்தார்கள். இவ்வாறு 1001 சிந்தனைகள் சேர்ந்து எதிர்நோக்கின் பாதை என்னும் நூலாயின. வான் துவான் மொத்தம் 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. 1988 நவம்பரில் விடுதலை பெற்று, 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002இல் இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. ஆயர் எழுதினார் என்பதை உலகம் அறியும். தாள் வாங்கித் தந்த தாயையும், சுமந்து சென்ற சிறுவனையும், படியெடுத்த பிள்ளைகளையும் நாமேனும் நினைவில் கொள்வோம்.

நம் கைகளில் உள்ள பாதி

தமிழ் மண்ணும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கப்பலோட்டிய வ.உ. சிதம்பரனார் கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் வாடிய காலத்தில் உறவினருக்கும் நண்பருக்கும் செய்யுளாகவே மடல்கள் எழுதினார். நம் காலத்தில், திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபர் 8இல், தமது 83ஆம் வயதில், ராஞ்சியில் கைதாகி, மகாராஷ்டிர மாநிலத்தின் தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். தம்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடித்துக் குடிக்கவும் அவர் கைகள் இடம் தரவில்லை. அந்நிலையிலும் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடல்களில், தமக்கு உணவூட்டவும் குளிக்கவும் உதவிய உடன்கைதிகளைப் பற்றியும், தங்கள்மேல் என்ன குற்றம் சுமத்தப்பட்டது என்றே அறியாமல் காத்திருக்கும் ஏழைக் கைதிகளைப் பற்றியும் எழுதினார். பிணை கிடைக்காமலே 2021 சூலை 5இல் மும்பையில் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

அவர் சுட்டிய ஏழைகள் சிலர் அல்லர். 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். அவர்களுள் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்களுள் பலருக்கு எழுத ஆள் இல்லை.

இவ்விடத்தில் ஒரு தடையையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். சிறையிலிருப்போருள் பிறருக்குப் பெருந்தீங்கு இழைத்தவர்களும் உண்டு. அவர்களால் பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி நம் பங்கிலேயே இருக்கக்கூடும். அவளுக்கு முதல் ஆறுதல் சேர வேண்டும் என்பது நியாயமே. அழகிய மடல் எழுதுவதால் ஒருவரது குற்றம் கழுவப்பட்டுவிடாது. எழுத்தில் தன்னை நியாயப்படுத்தும் ஏமாற்றும் கலந்து வரலாம். ஆனால் தான் செய்ததைச் சொற்களில் வைத்துப் பார்க்காத ஒருவர் அதற்காக மனம் வருந்துவது எவ்வாறு? நல்ல ஒப்புரவுக்கு ஆன்ம சோதனை முதற்படி என்று நாம் சிறுவயதில் கற்றோம். தாளும் தனிமையும் பொறுமையாக வாசிக்கும் ஒரு மனிதரும் கிடைத்தால், எழுத்து அந்தச் சோதனைக்குத் துணை நிற்கும்.

ஆகவே சிறைப்பணி செய்வோர் தங்கள் பைகளில் சோப்போடு நோட்டுப் புத்தகமும் வைக்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கலாம். சிறை அலுவலரின் முறையான அனுமதியோடு, மறைமாவட்டச் சிறைப்பணிக் குழுவின் வழியாக, ஒருவரோடு ஒருவர் மடல் தொடர்பு கொள்ளலாம். நிறைவேற்ற இயலாத வாக்குறுதிகளைத் தர வேண்டா. உபதேசங்களைக் குறைத்து, அவர் எழுதியதைக் கவனித்து, அதற்கு மறுமொழி எழுதுவதே போதுமானது. மூன்று மடல்களுக்குப் பின் நின்றுபோகும் தொடர்பு, ஏற்கெனவே கைவிடப்பட்டவரை மறுபடியும் கைவிடுவதாகும். ஆகையால் தொடர்ந்து எழுத இயலுமா என்று எண்ணிப் பார்த்துத் தொடங்குவது நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அனுப்பும் கவிதையோ கதையோ வாழ்த்தோ நம் இல்லத்துக்கு வந்த பரிசு என்று ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும்.

எபேசு நகரத்து ஒனேசிப்போர் என்னும் ஒருவரைப் பற்றித் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் நன்றியோடு குறிப்பிடுகிறது. அவர் கைதியின் சங்கிலியைக் குறித்து வெட்கப்படவில்லை. உரோமைக்கு வந்தபோது ஆர்வத்தோடு தேடி அலைந்து அவரைக் கண்டுபிடித்தார். அவர் எழுதிய நூல் எதுவும் இல்லை. ஆற்றிய உரையும் இல்லை. சிறைப்பட்டவர் ஒருவரின் மடலில் அவர் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது.